பழைய 407-க்கு அடிப்பூச்சு: தாரா, மெழுகா?

எட்டு வயதைத் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதற்கு முந்தின நாள் பட்டறைகளில் நடப்பது தெரிந்ததுதான்: வாட்டர் சர்வீஸ், ஈரம் காய்வதற்குள் சேஸ் முழுக்கக் கறுப்பு பெயிண்ட். வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மதுரை வெயிலில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. கெடுப்பது ஓட்டம்தான். தூத்துக்குடி உப்பும் ராமேஸ்வரம் மீனும் ஏற்றும் வண்டிகளுக்குத்தான் அடிப்பாகம் முதலில் போகிறது. பனி நாடுகளில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். இங்கே மீன் பெட்டியின் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் நேராகச் சேஸில் சொட்டுகிறது. அந்தக் கடற்காற்றுக்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டுத்தான் கட்டினார்கள்.

அந்த ரூட்டில் மீன் ஏற்றும் உறவினர் ஒருவரின் டாடா 407-ஐச் சோதனைக்கு எடுத்தோம். இடது பக்கச் சேஸில் தாரும் ரப்பரும் கலந்த பூச்சு. வலது பக்கம் மெழுகு வகை. மழைக்காலம் தொடங்கி கோடை முடியும்வரை வண்டி வழக்கம்போல ஓடியது.

பூசுவது சுலபம், சுரண்டுவதுதான் வேலை. கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தால் தகடு தகடாக உதிர்கிறது. சேஸுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் இருக்கும் மரக்கட்டைதான் பெரிய வில்லன். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் இரும்பை நனைக்கிறது. பாடியைத் தூக்காமல் அங்கே பிரஷ் நுழையாது. பட்டறைக்காரர் சுத்தியலைக் கையில் கொடுத்தார். "தட்டிப் பாருங்கண்ணே. ணங்குன்னு கேட்டா பூசலாம். பொத்துன்னு கேட்டா வெல்டிங்தான்." ஒரு கிராஸ் சேனல் பொத்தென்றது; அதை மாற்றிய பிறகுதான் பூச்சு.

சைலன்சர், பிரேக் டிரம், ஹோஸ், ஜாயிண்ட் ராடு எல்லாவற்றையும் பேப்பர் சுற்றி மறைக்க வேண்டும். சைலன்சரில் பட்டால் புகையும் நாற்றமும் தாங்காது. தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கக் கூடாது. சேஸ் நம்பர் மேல் அடித்துவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நீங்கள்தான் சுரண்டிக் காட்ட வேண்டும்.

தார் வகை பார்க்க அழகு. கல்லடி தாங்குகிறது, காய்ந்தால் கையில் ஒட்டாது, வண்டிச் சத்தம்கூடக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பழைய துருவின் ஓரங்களில் விளிம்பு விட்டிருந்தது. நகத்தால் நெம்பினால் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. அடியில் ஈரமான செந்துரு. வெளியே இருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

மெழுகு அசிங்கம். புழுதியெல்லாம் அதில்தான். சித்திரை வெயிலில் இளகி வழிந்தது. சக்கரத் தண்ணீர் படும் இடங்களில் கழுவிப் போயிருந்தது, அங்கே மறுபடி பூச வேண்டும். விலையும் தாரைவிடக் கூடுதல். இருந்தும், இளகிய மெழுகு ரிவெட் இடுக்குகளுக்குள் இறங்கியிருந்தது. துடைத்துப் பார்த்த இடத்தில் இரும்பு பூசிய அன்று இருந்தபடியே இருந்தது.

கழிவு ஆயில் அடிக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. செலவில்லைதான். ஆனால் ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் ஊறிக் கெடும். ரோட்டில் சொட்டினால் பின்னால் வரும் டூவீலர்காரர் விழுவார். வேண்டாம்.

தீர்ப்பு: புது வண்டிக்கும், வெறும் இரும்பு தெரியத் தேய்த்துப் பிரைமர் அடித்த சேஸுக்கும் தார் போதும். துரு பார்த்த பழைய வண்டிக்கு மெழுகுதான், வருஷம் ஒருமுறை. எதைப் பூசினாலும் ஒவ்வொரு மீன் லோடு இறக்கியதும் அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள்; உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்பே, சேஸ் நன்றாகக் காயும்வரை வண்டியைப் பட்டறையில் விட முடிந்தால் மட்டும் இதில் காசு போடுங்கள்.