கென்னட்–ஏவன் கால்வாயின் புனருத்தாரணம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ரெடிங் நகரையும் பிரிஸ்டல் துறைமுகத்தையும் இணைக்கும் 87 மைல் நீள நீர்வழியான கென்னட்–ஏவன் கால்வாய், ஜான் ரென்னி என்ற எஞ்சினீயரின் திட்டப்படி 1810-ல் பூர்த்தியாகி, 1852-ல் தன் போட்டியாளரான ரெயில்வே கம்பெனியின் உடைமையாகி, கவனிப்பாரின்றிச் சீர்குலைந்து, 1950-களில் முழு நீளத்திற்கும் படகு செல்ல இயலாத நிலையை அடைந்தது. அதைக் கைவிடலாகாது என்று போராடிய அபிமானிகளும், மண்வெட்டி பிடித்த தொண்டர்களும், பின்னர் அவர்களோடு சேர்ந்துகொண்ட நீர்வழி வாரியமும் ஸ்தல ஸ்தாபனங்களும் ஏறக்குறைய நாற்பது வருஷம் செய்த பிரயத்தனத்தின் பலனாக, 1990 ஆகஸ்ட் 8-ஆம் தேதி எலிஸபெத் ராணி அதை மீண்டும் திறந்துவைத்தார். பொதுஜன முயற்சியால் இத்தனை பெரிய ஜீர்ணோத்தாரணம் கைகூடியது போற்றத்தக்கது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; ஆயினும் வேலைகள் நடந்த கிரமத்தை நோக்குங்கால், கட்டுமானத்துக்குக் கொடுத்த முதலிடத்தை ஜலாதாரத்துக்குக் கொடுக்கவில்லையே என்ற குறையும் உடன் தோன்றுகிறது.

படுகையில் நீர் இறங்காமலிருக்கக் களிமண்ணை நீர் விட்டு மிதித்துக் குழைத்துக் கனமாக அப்புவது ரென்னி காலத்து வழக்கம். நல்ல தரையில் அது தலைமுறைகள் தாங்கும். ஆனால் பிராட்ஃபர்டுக்கும் பாத் நகருக்கும் இடையில், வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புப் பாறைச் சரிவை ஒட்டிக் கால்வாய் செல்கிறது. அங்கே கோடையில் நீர் வெடிப்புகளின் வழியே நழுவிவிடும், மழைக்காலத்திலோ மலையூற்றுகள் கீழிருந்து முட்டிக் களிமண் பூச்சையே பெயர்த்துவிடும். புனருத்தாரணம் செய்தவர்கள் பழைய படுகையைத் தோண்டியெடுத்து, ஊற்று நீர் வடிய வழி செய்து, பாலிதீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் தளம் போட்டார்கள். டண்டாஸில் ஏவன் நதியைக் கடக்கும் கல் நீர்ப்பாலத்தின் உட்புறத்துக்கும் இதே பரிகாரந்தான். கான்கிரீட் கரையில் நாணல் வேர்கொள்ளாது, ரென்னியின் கைவேலை மறைந்துபோயிற்று என்று பழமையில் பற்றுள்ளோர் வருந்துவது இயல்பே. ஆனால் ரென்னியின் முறை தோற்ற இடமே அதுவாயிருக்க, அதே களிமண்ணைத் திரும்ப அப்பியிருந்தால் அவருடைய தவற்றுக்கன்றோ புத்துயிர் கொடுத்ததாகியிருக்கும்! இவ்விஷயத்தில் எஞ்சினீயர்கள் செய்ததே சரி.

டிவைஸஸ் ஊருக்கு மேற்கே, கேன் ஹில் சரிவில்தான் என் ஆட்சேபம் தொடங்குகிறது. இரண்டு மைலுக்குள் 237 அடி இறங்க, இருபுறமும் கதவடைத்த தொட்டிகளாகிய லாக்குகள் 29 அங்கே உண்டு; அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில் நெருங்கி நிற்பதால், இடையிடையே நீர் தேங்கப் பக்கவாட்டில் அகன்ற குளங்களை ரென்னி வெட்டிவைத்தார். தூர்ந்துகிடந்த அக்குளங்களை வாரியதும், சுவர்களைச் செப்பனிட்டதும், புதிய மரக் கதவுகளை மாட்டியதும் அருமையான வேலைகள். ஆனால் படகு இறங்கும்போதெல்லாம் ஒரு லாக் கொள்ளும் நீர் மேல்மட்டத்தை விட்டுக் கீழே போகிறது. போனதை மறுபடி மேலேற்றாவிட்டால், மேற்புறத்து நீர் வரத்தைக் கொண்டு எத்தனை படகுகளுக்கு ஈடு கொடுக்க முடியும்? நாளொன்றுக்குச் சுமார் 70 லட்சம் காலன் நீரை அச்சரிவின் உச்சிக்குத் திருப்பியேற்றும் பம்புகள் 1996-ல்தான் வந்தன. இடைப்பட்ட வருஷங்களில் நீர்ப் பஞ்சத்தால் படகோட்டத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அதே 1996-ல், திறந்து ஆறே வருஷமான கால்வாயை நிலைபெறச் செய்வதற்கென்று லாட்டரி நிதியிலிருந்து இரண்டரைக் கோடி பவுன் ஒதுக்கப்பட்டது என்பது முந்திய வேலையின் அஸ்திவாரம் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதைக் காட்டவில்லையா?

நீரேற்றத்தின் அவசியத்தை ரென்னியின் தலைமுறை அறிந்தே இருந்தது. கிளாவர்டனில் 1813 முதல் ஏவன் நதியின் ஓட்டத்தாலேயே சுழன்ற ஒரு பெருஞ் சக்கரம், அந்நதி நீரையே 48 அடி உயரத்திலுள்ள கால்வாய்க்குத் தூக்கிக் கொடுத்தது. கரிச் செலவே கிடையாது. 1952-ல் நின்றுபோன அதைத் தொண்டர்கள் 1970-களில் மீண்டும் ஓடச் செய்தது மகிழ்ச்சிக்குரிய காரியம். ஆயினும் அன்றாட நீர் மின்சாரப் பம்பிலிருந்தே வருகிறது. கால்வாய் உள்ளவரை அந்தச் செலவும் உண்டு.

தொண்டர்கள் சார்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. செப்பனிட்ட லாக்கைக் காட்டினால் நன்கொடை வரும். பூமிக்கடியில் புதைத்த குழாயைக் காட்டிக் கையேந்த முடியாது. ஒவ்வொரு லாக்கும் அடுத்ததற்குப் பணம் திரட்டிக் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மரக் கதவின் ஆயுள் ஏறக்குறைய 25 வருஷமே. அதுவும் நனைந்தே இருந்தால்தான் பொருந்தி நிற்கும், காய்ந்தாலோ பலகை சுருங்கி வாய் பிளந்துவிடும். ஆகவே கேன் ஹில் அளவிலாவது பம்பை முடித்துவிட்டுக் கதவுகளை மாட்டியிருக்கவேண்டும். திறப்பு விழா அதனால் சில வருஷம் தள்ளிப் போயிருந்தாலும் பாதகமில்லை.