மரபுத் திங்களும் மற்றப் பதினொரு மாதங்களும்

ஓர் இனத்தின் பெயரில் ஒரு மாதத்தை ஒதுக்குவது சமூகத்தை ஒன்றுசேர்க்கிறதா, பிரிக்கிறதா? கனடாவில் ஆண்டு பிறந்தவுடன் இந்தக் கேள்வியும் கூடவே பிறந்துவிடும். ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். பெப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். ஏனைய சமூகங்களுக்கும் ஒவ்வொன்றாக மாதங்கள் உண்டு. கேட்பதற்கு நல்ல பட்டிமன்றத் தலைப்புப் போலிருக்கிறது. இரண்டு அணியும் பேசி முடித்ததும், நடுவர் ஒரு நகைச்சுவையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டால் எல்லோரும் வீடு போகலாம். எனக்கோ அந்தக் கேள்வியின் மீதே சந்தேகம். ஒற்றுமையை அளவுகோலாக வைத்து எதையும் அளக்கப் புறப்படும் முன், அந்த அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெண்களிடம் 'ஒற்றுமை' என்ற சொல் எப்படி வந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குடும்பத்தில் ஒற்றுமை வேண்டும் என்றால் மருமகள் வாயை மூட வேண்டும் என்று அர்த்தம். ஊரில் ஒற்றுமை வேண்டும் என்றால் சாதியைப் பற்றிப் பேசக் கூடாது. போராட்டத்தில் ஒற்றுமை வேண்டும் என்றால் பெண்களின் பிரச்சினையை விடுதலைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடித்த கையை யாரும் பிரிவினை என்று சொல்வதில்லை. அடிபட்ட தழும்பைக் காட்டுகிறவளுக்குத்தான் அந்தப் பட்டம். இதைப் பழகி அறிந்த நமக்கு, ஓர் இனம் தன் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்போது 'பிரிக்கிறீர்கள்' என்று எழும் குரல் புதிதாக இருக்க முடியாது.

இந்த மாதங்களுக்கெல்லாம் முன்னோடி ஒரு வாரம். அடிமைகளாக வாழ்ந்த பெற்றோருக்குப் பிறந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற கார்ட்டர் வூட்சன், 1926இல் அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். ஆபிரகாம் லிங்கன், ஃபிரெடெரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்த நாட்களை ஒட்டி பெப்ரவரியின் இரண்டாவது வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது மாதமாக விரிந்து, அமெரிக்க அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது 1976இல். வூட்சன் வேண்டியது ஒரு வாரக் கொண்டாட்டம் அல்ல. ஆண்டு முழுவதும் பள்ளியில் படித்ததைப் பிள்ளைகள் அந்த வாரத்தில் எடுத்துக்காட்ட வேண்டும் என்றார். அப்படிப்பட்ட ஒரு வாரமே தேவைப்படாத காலம் வரும் என்றும் நம்பினார். தன்னை அழித்துக்கொள்வதற்காகவே தொடங்கப்பட்ட ஏற்பாடு அது.

பிரிவினை இந்த மாதங்களுக்கு முன்பே இருந்தது. 1946 நவம்பரில், நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ நகரத்துத் திரையரங்கு ஒன்றில் வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்பினப் பெண் கீழ்த்தளத்தில் அமர்ந்தார். அழகுக்கலைத் தொழில் நடத்தி, அதைக் கற்றுக்கொடுத்தும் வந்தவர் அவர். கறுப்பினத்தவருக்கு மேல்மாடிதான் என்றார்கள். அவர் எழும்பவில்லை. இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் ஓர் இரவு வைத்தார்கள். மறுநாள் நீதிமன்றத்தில் அவர் மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன தெரியுமா? மேல்மாடிச் சீட்டுக்கும் கீழ்த்தளச் சீட்டுக்கும் இடையே கேளிக்கை வரியில் இருந்த ஒரு சத வித்தியாசத்தை அவர் கட்டவில்லையாம். கீழ்த்தளச் சீட்டுக் கேட்டபோது விற்க மறுத்தவர்கள், பிறகு அதற்கான வரியைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நிறம் என்ற சொல்லைத் தொடாமலே நிறத்தின் பேரில் தண்டனை கொடுத்து முடித்தார்கள். அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2010இல். அவர் இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. 2018இல் அவர் முகம் பத்து டொலர் தாளில் வந்தது.

ஒன்ராறியோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான கடைசித் தனிப்பள்ளி மூடப்பட்டது 1965இல். தனிப்பள்ளி இருந்த நாட்டில் தனி மாதம் பிரிக்கிறது என்பவர்கள், கட்டுப் போட்டதால்தான் காயம் வந்தது என்கிறார்கள்.

இனி, கனடாவுக்கு அந்த மாதத்தைக் கொண்டுவந்த பெண்ணைப் பற்றி. நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணான ஜீன் ஓகஸ்ரீன் முன்வைத்த தீர்மானம் 1995 டிசம்பரில் ஏகமனதாக நிறைவேறியது. கிரனடாவில் ஆசிரியையாக இருந்த அவர், 1960இல் கனடாவுக்கு வந்தது மேற்கிந்திய வீட்டுப் பணியாளர் திட்டத்தின் கீழ். கரீபியத் தீவுகளிலிருந்து வீட்டு வேலைக்குப் பெண்களைக் கூட்டிவந்த திட்டம் அது. இளம்பெண்ணாக இருக்க வேண்டும், மணமாகியிருக்கக் கூடாது, பிள்ளை இருக்கக் கூடாது. ஒரு வருடம் வெள்ளையர் வீட்டில் சமைத்துத் துடைத்துப் பிள்ளை வளர்த்தால் இந்நாட்டில் தங்கலாம். தன் பிள்ளை இல்லாதவளாக வந்து அடுத்தவர் பிள்ளையை வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 1970களின் பிற்பகுதியில், பிள்ளைகள் இருப்பதை மறைத்தார்கள் என்று ஜமேக்காவிலிருந்து வந்த ஏழு தாய்மாரை நாடுகடத்த முற்பட்டது அரசு. அவர்கள் போராடித் தங்கினார்கள். பெப்ரவரி மேடைகளில் வயோலாவின் படம் இருக்கிறது. இந்த ஏழு தாய்மாரின் கதை எத்தனை மேடைகளில் இருக்கிறது?

மாதங்களுக்கு எதிரான வாதங்கள் எல்லாம் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையும் அல்ல. மோர்கன் ஃபிரீமன் 2005இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், தம் வரலாற்றை ஒரு மாதத்துக்குள் அடக்குவதை ஏற்க மறுத்தார்; கறுப்பின வரலாறு அமெரிக்க வரலாறுதான் என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. பதினொரு மாதம் மறந்திருக்க ஒரு மாதம் அனுமதிச்சீட்டாகிவிடுகிறது. ஆனால் மாதத்தை எடுத்துவிட்டால் மற்றப் பதினொன்றிலும் அந்த வரலாறு தானாக வந்து உட்கார்ந்துவிடாதே.

இன்னும் கூர்மையான விமர்சனம் ரொறன்ரோவில் வாழ்ந்து எழுதிய ஹிமானி பானர்ஜியிடமிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான தமது கட்டுரைத் தொகுப்பில், கனடாவின் பல்பண்பாட்டுக் கொள்கையை அவர் உரித்துக் காட்டினார். வேலை, கூலி, குடியுரிமை, இனவாதம் பற்றிய அரசியல் கேள்விகளை அரசு பண்பாட்டுக் கேள்விகளாக மாற்றிவிடுகிறது. பிறகு அந்தப் பண்பாட்டுக்குப் பேச ஆண்களை, பழமைவாதிகளைச் சமூகத் தலைவர்களாக ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சமூகத்துப் பெண்கள் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறார்கள். அமெரிக்கத் தத்துவவியலாளர் சூசன் மோலர் ஓக்கின் 1997இல் எழுதிய கட்டுரையும், பல்பண்பாடு பெண்களுக்குக் கெடுதலா என்றே கேட்டது. ஓக்கினிடம் சிறுபான்மைப் பண்பாடுகள்தாம் சிக்கலாகத் தெரிகின்றன. மேற்கின் பண்பாட்டில் பெண் ஏறக்குறைய விடுதலையின் பாதையில் இருக்கிறாள். பானர்ஜி அப்படித் தப்பவிடுவதில்லை. அரசும் சமூகத் தலைவரும் சேர்ந்தே இந்த நாடகத்தை நடத்துகிறார்கள் என்கிறார். நான் பானர்ஜியின் பக்கம்.

அந்தக் கண்ணோடு நமது ஜனவரியைப் பார்ப்போம். 2014இல் ஒன்ராறியோ சட்டமன்றமும் 2016இல் கனடிய நாடாளுமன்றமும் தமிழ் மரபுத் திங்களை ஏற்றன. தைப்பொங்கல் வருவதால் ஜனவரி. அகதியாக வந்த ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடயம் இல்லை. 1986இல் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரை, பெண்கள் குழந்தைகள் உட்பட, தடுப்புக்காவலில் வைத்தது அரசு. அதே நாட்டின் நாடாளுமன்றம் ஆறு ஆண்டுகளில் நமக்கு ஒரு திங்களைத் தந்தபோது பலருக்குக் கண் கலங்கியதில் வியப்பில்லை. நடனமும் பொங்கலும் வரவேற்கப்படுகிற நாட்டில், கப்பலில் வந்தவளும் அதே மரபின் மகள்தான் என்று சொல்லிக்காட்டவாவது அந்தத் திங்கள் பயன்பட வேண்டும்.

பயன்படுகிறதா? மரபுத் திங்கள் விழா ஒன்றுக்கான திட்டமிடல் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். மண்டபத்தில் மாட்டுவதற்கு 'தமிழ்ப் பெரியோர்' பட்டியல் ஒன்று வந்தது. அதில் பெண் என்றால் ஔவையார் மட்டும்தான். இருபதாம் நூற்றாண்டில் ஒருத்தியும் இல்லையா என்று கேட்டேன். 'பெண்கள் பகுதி தனியாக இருக்கிறது, அக்கா' என்றார் ஒரு தம்பி, மரியாதையாகத்தான். பெண்கள் பகுதி என்பது கோலம், குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பொங்கல். விடிய முதல் எழும்பிப் பானை வைத்தவர்களில் பலர், வாரம் முழுவதும் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் நின்ற கால்களோடு வந்தவர்கள். மரபு அவர்களுடைய முதுகில் ஏறி வருகிறது. ஒலிவாங்கி மட்டும் அவர்களிடம் வருவதில்லை.

'தமிழ்' என்ற சொல்லுக்குள் யார் என்பதும் அந்த மேடையில் கேட்கப்படுவதில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர், தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த பெண்கள், ஒரு தேயிலைத்தோட்டப் படமாக வந்து போகிறார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையவிடாமல் ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தமிழரே வாசலில் மறித்தார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்கள், தமிழைத் தாய்மொழியாகப் பேசியவர்கள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இவற்றைச் சொன்னால் ஒற்றுமை கெடும் என்கிறார்கள். வெள்ளைக்காரர் வயோலாவின் கதை பற்றிச் சொல்வதும் அதைத்தானே?

பெண்களின் வரலாறு கையில் இல்லாமல் இல்லை. 1984இல் பிள்ளைகளைப் படையினர் பிடித்துச் சென்றபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தெருவுக்கு வந்தது. 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற பெண்கவிகளின் தொகுப்பைக் கொண்டுவந்தது. 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம, எந்தத் தரப்பின் துப்பாக்கியையும் விட்டுவைக்காமல் எழுதியவர். 1989 செப்ரெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது முப்பத்தைந்து. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஆண்டுக்கணக்காக எழும்பவில்லை. ராஜினியின் பெயரை உச்சரிக்க முடியாத ஒரு மரபுத் திங்கள் எதை மரபு என்கிறது?

இது இன மாதங்களுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. கனடாவில் 1992 முதல் ஒக்ரோபர் பெண்கள் வரலாற்று மாதம். பெண்களும் சட்டப்படி 'நபர்கள்'தாம், செனற் அவைக்கு நியமிக்கப்படத் தகுந்தவர்கள் என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1929 ஒக்ரோபர் 18 அன்று தீர்ப்பளித்ததன் நினைவு அது. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்த ஐவரில் முதன்மையான எமிலி மர்ஃபி, ஆசியர்களைப் பற்றி இனவெறியோடு எழுதியவர். 'தகுதியற்றவர்களுக்கு' கட்டாயக் கருத்தடையை ஆதரித்தவர். சட்டப் பதிவுபெற்ற முதற்குடிப் பெண்கள் தங்கள் பதிவை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடிந்தது 1960இல்தான். பெண்கள் எல்லோரையும் ஒன்றுசேர்த்ததாகச் சொல்லப்படும் மாதத்துக்குள்ளும் இவ்வளவு பெரிய வாசல் பூட்டப்பட்டிருந்தது. ஆகவே பெண்ணியவாதிகளான நாமும் வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் நான் மரபுத் திங்களைக் கைவிடச் சொல்லவில்லை. கைவிட்டால் கிடைப்பது எல்லோருக்குமான வரலாறு அல்ல, முன்பிருந்தவர்களின் வரலாறு. எனவே ஒரு மாதத்தைப் பார்த்து நான் கேட்பவை மூன்று. அதில் சொல்லப்பட்டது மற்றப் பதினொரு மாதப் பாடத்துக்குள், நூலகத்துக்குள் போகிறதா? விழாவுக்கு உழைத்தவள் விழாவின் கதையைத் தீர்மானிக்கிறாளா? அந்தச் சமூகம் தனக்கு இழைக்கப்பட்டதோடு, தான் இழைத்ததையும் சொல்கிறதா?

மூன்றாவதே கடினமானது, ஒன்றுசேர்வதற்கு வழியும் அதுவே. பெப்ரவரியில் வயோலா டெஸ்மண்ட் பற்றிப் படிக்கும் ஒரு தமிழ் மாணவி, திரையரங்கின் கீழ்த்தளத்தையும் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மேற்கிந்திய வீட்டுப் பணியாளர் திட்டத்தைப் படிக்கும்போது, நம் வீடுகளில் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமிகளை நினைக்கட்டும். அப்போது கறுப்பின வரலாறு அவளுக்கு அடுத்த வீட்டு விடயமாக இராது. அவள் வரலாறும் வெறும் பெருமையாக எஞ்சாது. ஒருவர் மேடையில் மற்றவர் போய்ப் பொன்னாடை வாங்குவதால் இரண்டு சமூகங்கள் சேர்வதில்லை. ஒருவர் வரலாற்றின் முன் மற்றவர் தன்னைக் கேள்வி கேட்கத் துணியும்போது சேரலாம்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை உண்டு. அடுத்த ஜனவரிக்கான பட்டியல் உங்கள் கல்லூரிச் சங்கத்தில் தயாராகும்போது அந்த அறையில் இருங்கள். பெண்கள் பகுதி தனியாக இருக்கிறது என்று சொல்வார்கள். ராஜினியின் பெயரை முதல் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். ஒற்றுமை கெடும் என்றால், எந்த ஒற்றுமை என்று கேளுங்கள்.