லாயத்தில் ஒரு கச்சேரி

மல்லசமுத்திரத்தில் ஒரு நண்பர், தாத்தா காலத்துக் கட்டுத்தரையைத் தறிக்கூடமாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ஓடு மாற்றியாகிவிட்டது. "ஏனுங்க, மாடு தண்ணி குடிச்ச கல்தொட்டி ஒண்ணு நடுவால நிக்குது. ஒடச்சு எடுத்துரட்டுங்களா? நாலாவது தறிக்கு எடம் பத்தல" என்று போனில் கேட்டார். நான் என்ன இன்ஜினீயரா? ஆனாலும் 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை. காரணம், பிரைட்டன்.

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை ஊர். அங்கே இளவரசர் ஜார்ஜ் (பின்னாளில் நான்காம் ஜார்ஜ்) 1803-ல் தன் குதிரைகளுக்காக ஒரு லாயம் கட்ட ஆரம்பித்தார். வில்லியம் போர்டன் என்பவர் வடிவமைத்தார். இந்திய பாணி வளைவுகள், மேலே பிரம்மாண்டமான குவிமாடம், நடுவில் குதிரைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. வேடிக்கை என்னவென்றால், அப்போது இளவரசரின் சொந்த வீடு இத்தனை ஆடம்பரமாக இல்லை. முதலில் குதிரைகள்தான் இந்திய மாளிகைக்குக் குடிபோயின. 1815-க்கு அப்புறம்தான் ஜான் நாஷ் எஜமானரின் பெவிலியனையும் குவிமாடங்களோடு மாற்றிக் கட்டினார்.

விக்டோரியா ராணிக்கு ஊர் பிடிக்கவில்லை. 1850-ல் நகரத்தார் மொத்தமாக வாங்கிவிட்டார்கள். லாயம் 1867-ல் கச்சேரி ஹால் ஆனது. பெயர், டோம்.

1914 டிசம்பரில் ஹாலுக்குள் கட்டில்கள் வந்தன. பிரான்ஸ் போர்முனையில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி. பெவிலியனையும் சேர்த்து 700-க்கு மேல் படுக்கைகள். சாதி, மதம் பார்த்துத் தனித்தனிச் சமையல். தண்ணீர்க் குழாய்கூட இந்துவுக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று. (குதிரைகள் எல்லாம் ஒரே தொட்டியில் குடித்த இடம்!) காயம்பட்டவர்கள் குவிமாடத்தின் கீழ் வரிசையாகப் படுத்திருக்கும் காட்சி போஸ்ட்கார்டாக விற்பனையானது. இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே குன்றில் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் எழுப்பிய சத்ரி இன்றும் இருக்கிறது.

இப்படி ஓயாமல் வேலை கொடுத்ததால்தான் கட்டடம் பிழைத்தது. அதற்காக பிரைட்டன்காரர்களைப் பாராட்டலாம். என் குறை 1934-35 பற்றி. ராபர்ட் அட்கின்சன் உள்புறத்தை அடியோடு மாற்றினார். சினிமா தியேட்டர் கட்டிப் பெயர் வாங்கியவர். அது நன்றாகவே தெரிகிறது! வெளியே பார்த்தால் முகலாயர் கட்டிய மாதிரி. உள்ளே எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு நவீன அரங்கம். குதிரை நின்ற இடம் எது, சிப்பாய் படுத்த இடம் எது என்று ஸீட்டில் உட்கார்ந்தவர் கண்டுபிடிக்க முடியாது. 1974-ல் 'ஆபா' குழு யூரோவிஷன் ஜெயித்த மேடை இதுதான். பாடிய பாட்டு 'வாட்டர்லூ'. ஆயிரக்கணக்கில் குதிரைகள் செத்த யுத்தத்தின் பெயர் அது என்று அன்றைக்கு ஹாலில் யாருக்காவது உறைத்திருக்குமா?

இதில் பாதியை நண்பரிடம் சொல்லி, "மூணு தறி போதாதா? தொட்டி இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நாலு தறிக்கும் லோன் வாங்கியாச்சுங்களே" என்றார்.