நூற்றி அறுபதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நாலு பேர் ஓய்வாகச் சேர்ந்து சீட்டுக் கட்டை எடுத்தால் பெரும்பாலும் ஓமி, இல்லாவிட்டால் 304. இரண்டுமே 32 சீட்டு ஆட்டங்கள். இரண்டிலும் எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆனால் ஓமியில் துரும்பைச் சொல்லும் உரிமை முறைப்படி வந்து சேர்கிறது. 304இல் அதைக் கேட்டுப் பெற வேண்டும். இன்னொருவரைவிடக் கூடுதலாக ஒரு எண்ணைச் சொல்லி, அந்த எண்ணுக்கு நம்மைப் பிணையாக வைத்துத்தான் துரும்பு கிடைக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வி கேட்கும் முறையைப் பற்றியது. உலகின் வேறு எந்த ஆட்டத்தையும்விட பிரிட்ஜ்தான் கேள்வியை ஒரு மொழியாக வளர்த்திருக்கிறது. அதனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்முடைய 304இன் அழகும் தெரிகிறது, பெரிய ஓட்டையும் தெரிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடுவது சூது. அது ஹராம் என்பதில் நம் ஊரில் இரண்டு கருத்து இல்லை. பணம் இல்லாத சீட்டையும் தவிர்ப்பதே பேணுதல் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கிறார்கள். அவர்களின் கவலை மதிக்கத்தக்கது. நான் பேசுவது பந்தயம் இல்லாத ஆட்டத்தைப் பற்றி மட்டும். அந்த ஆட்டத்திலும் ஒருவரையொருவர் ஏமாற்ற இடமிருக்கிறதே என்பதுதான் இதை எழுத வைக்கிறது.

304இன் கணக்கு எளிமையானது. ஒவ்வோர் இனத்திலும் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஜாக்கையும் ஒன்பதையும் தலையில் தூக்கி வைக்கும் இந்த வழக்கம் கேரளத்தின் 28, 56 ஆட்டங்களிலும் உண்டு. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துரும்பு இனத்துக்கும் இதே முறைதான். 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. ஆகவே இந்த ஆட்டத்தின் மூதாதை கப்பலில் வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுவதில் வியப்பில்லை.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் வரும். அந்த நாலை மட்டும் பார்த்து 160இலிருந்து கேட்க வேண்டும். 304இன் பாதி 152. 160 கேட்பவர், பாதிக்கு மேல் இன்னும் எட்டுப் புள்ளி எடுப்போம் என்று தனக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்கிறார். கையில் பாதிச் சீட்டு இன்னும் வரவில்லை. கூட்டாளியிடம் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. இந்த அரைக் குருட்டு நிலையில் முடிவெடுக்க வைப்பதுதான் 304இன் சிறந்த அம்சம் என்பது என் எண்ணம். 32 சீட்டில் நாலு சீட்டு 35,960 விதமாக வரலாம். அவற்றில் ஒரே இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து வருபவை 1,734. ஏறக்குறைய 21 கைகளுக்கு ஒன்று. ஒரு ஜாக்குகூட வராதவையோ 20,475, அதாவது நூறுக்கு 57. ஆக, நாம் கேட்கும் 160களில் பெரும்பாலானவை நடுத்தரமான கைகளிலிருந்து வருபவை. நல்ல கை வரட்டும் என்று காத்திருப்பவன் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

பலரும் பின்பற்றும் கணக்குப்படி, 160களில் வென்றால் வெற்றி தோல்வியைக் கணக்கிடும் காய் ஒன்று கிடைக்கும், தோற்றால் இரண்டு போகும். 200க்கு மேல் வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. 250க்கு மேல் வென்றால் மூன்று, தோற்றால் நாலு. இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் ஒரு விநோதம் வெளிப்படுகிறது. 160 கேட்பவர் நட்டப்படாமல் இருக்க மூன்றுக்கு இரண்டு தடவை வெல்ல வேண்டும், அதாவது நூறுக்கு 67. 200க்கு 60 போதும். 250க்கு 57தான். சிறிய கேள்விக்குத்தான் கூடுதல் உறுதி வேண்டும் என்று காய்க் கணக்கு சொல்கிறது. ஆடுபவர்கள் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். 160ஐ வாய்க்கு வந்தபடி கேட்கிறார்கள், 250 என்றால் வேர்த்துப் போகிறார்கள். பெரிய கேள்வியை நிறைவேற்றுவது கடினம் என்பது உண்மைதான். ஆனாலும் கையில் வலு இருக்கும்போது துணிவதற்கு இந்தக் கணக்கு கொடுக்கும் ஊக்கத்தை நாம் பயன்படுத்துவதே இல்லை.

இனிக் கேள்வியின் மொழிக்கு வருவோம். பிரிட்ஜில் கேள்வி என்பது எண்ணும் இனமும் சேர்ந்தது. ஏழு படி, ஒவ்வொரு படியிலும் நாலு இனமும் துரும்பில்லா ஆட்டமுமாக ஐந்து. மொத்தம் 35 கேள்விகள். 'ஒரு ஹார்ட்ஸ்' என்று ஒருவர் சொன்னால் அவருடைய வலுவும் இனமும் ஒரே சொல்லில் மேசைக்கு வந்துவிடுகின்றன. கூட்டாளி பதில் சொல்கிறார், பிறகு இவர் திருத்துகிறார். அது ஓர் உரையாடல். 304இல் எண் மட்டும்தான். துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அது எந்த இனம் என்பது எதிராளிக்கும் தெரியாது, கூட்டாளிக்கும் தெரியாது. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் மட்டும் அதைப் பார்ப்பார். அதில் துரும்பு இருந்தால்தான் மறைத்தது வெளியே வரும். முதல் இரண்டு மூன்று பிடிகளில் மற்ற மூவரும் செய்யும் ஊகம் இருக்கிறதே, அது பிரிட்ஜில் கிடைக்காத சுவை. கூட்டாளி எதை இறக்கினார், எதைத் தவிர்த்தார், எந்தச் சீட்டைக் கவிழ்க்கும்போது தயங்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் துரும்பைக் கண்டுபிடிக்கிறோம். இதை விட்டுக்கொடுத்து 304ஐ இன்னொரு பிரிட்ஜாக ஆக்கச் சொல்பவன் நான் இல்லை.

ஆனால் இனத்தைச் சொல்ல வழியில்லாத அதே இடத்தில்தான் களவும் நுழைகிறது. கூட்டாளிக்குத் துரும்பு தெரிந்துவிட்டால் ஆட்டத்தின் பாதி முடிந்தது. எனவே நெஞ்சைத் தடவினால் ஹார்ட்ஸ், மோதிரத்தைத் திருகினால் டயமன் என்று சாடைகள் பிறக்கின்றன. சாடையே வேண்டாம், குரலே போதும். 'நூற்றி அறுபது' என்று சட்டென்று சொன்னால் ஒரு பொருள், இழுத்துச் சொன்னால் இன்னொரு பொருள். 'கேட்கட்டா காக்கா?' என்று எதிரே பார்த்துச் சிரித்தால் வேறொரு பொருள். பல வருடம் ஒன்றாக ஆடும் ஜோடிகள் இவற்றைத் திட்டமிட்டுச் செய்வதுகூட இல்லை, பழக்கத்தில் தானாக வந்துவிடுகிறது. அதனால்தான் புதிதாக வந்து உட்காரும் இளைஞன் பெரியவர்களிடம் தொடர்ந்து தோற்கிறான். தோற்றது தன் அறிவுக் குறைவால் என்று நம்பி எழுந்து போகிறான். அது அவனுக்கு நாம் செய்யும் அநியாயம்.

304க்கு உள்ளேயே இதற்கு மாற்று இருக்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தன் முறை வரும்போது 'பாட்னர்' என்று சொல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். என் கையில் கேட்க எதுவுமில்லை, நீயே கேள் என்று அவர் பொறுப்பைக் கூட்டாளியிடம் ஒப்படைக்கிறார். அந்தச் சொல்லின் பொருள் எதிராளிக்கும் தெரியும். எல்லாப் பிடியையும் எடுக்கப்போவது உறுதியானால் 'கெப்ஸ்' சொல்லியே ஆக வேண்டும், தெரிந்தும் சொல்லாமல் விட்டால் தண்டனை என்ற விதியும் இதே வகைதான். ஒரு ஆட்டக்காரர் தனக்குத் தெரிந்ததை மேசைக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்ற கருத்தை யாரோ முன்னோர் இந்த ஆட்டத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் அதை இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டோம்.

பிரிட்ஜ் அந்தக் கருத்தை எல்லை வரை கொண்டுபோயிற்று. 1925இல் ஹரல்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பற் பயணத்தில் இன்றைய புள்ளி முறையை அமைத்த பிறகு, கேள்விகளுக்குச் சங்கேதப் பொருள்கள் வேகமாகப் பெருகின. 1930களில் ஈஸ்லி பிளாக்வுட் அமைத்த முறையில், 'நாலு நோட்ரம்ப்' என்பதன் பொருள் பத்துப் பிடி எடுக்கிறேன் என்பதல்ல, உன்னிடம் எத்தனை ஆஸ் என்பது. 'ஐந்து டயமன்' என்றால் ஒன்று, 'ஐந்து ஹார்ட்ஸ்' என்றால் இரண்டு. 1945இல் சாம் ஸ்டேமன் எழுதிப் பரப்பிய முறையில், 'ஒரு நோட்ரம்ப்' என்று தொடங்கியவருக்குக் கூட்டாளி சொல்லும் 'இரண்டு கிளப்ஸ்' கிளப்ஸைப் பற்றியதே இல்லை. நாலு ஹார்ட்ஸோ நாலு ஸ்பேட்ஸோ உண்டா என்று அது விசாரிக்கிறது. இவை சங்கேதம்தான், ஆனால் இரகசியம் இல்லை. ஒரு ஜோடியின் உடன்பாடு எதுவாக இருந்தாலும் எதிராளி கேட்டால் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது பிரிட்ஜின் சட்டம். அசாதாரணமான பொருளுள்ள கேள்வி வந்தால் கூட்டாளியே 'அலர்ட்' என்று எச்சரிக்க வேண்டும். குரலில் பொருள் ஏறாமல் இருக்கக் கேள்வியை வாயால் சொல்லாமல் பெட்டியிலிருந்து அட்டையாக எடுத்து வைக்கிறார்கள். கூட்டாளி அதிக நேரம் யோசித்ததிலிருந்து செய்தி எடுத்து ஆடுவதும் தவறு. தயக்கத்துக்குக்கூடச் சட்டம் எழுதிய ஆட்டம் அது.

இதனால் பிரிட்ஜில் களவு ஒழிந்துவிட்டதா? இல்லை. 1965இல் புவெனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில் பிரித்தானியாவின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாப்பிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களால் ஹார்ட்ஸ் எத்தனை என்று சொல்லிக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. உலக பிரிட்ஜ் சம்மேளனம் குற்றம் என்றது. பின்னர் இங்கிலாந்தில் நடந்த விசாரணை நிரூபணம் போதாது என்றது. 2015இல் சீட்டுப் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைப்பது என்பதையே சாடையாக்கிய ஓர் உயர்தர ஜோடி காணொளிகளை ஆராய்ந்ததில் அகப்பட்டது. வித்தியாசம் என்னவென்றால், எது அனுமதி என்று எழுதியிருப்பதால் எது களவு என்பதையும் அங்கே சுட்டிக்காட்ட முடிகிறது. நம் மேசையில் ஒருவர் மோதிரத்தைத் திருகினால் 'எனக்கு விரல் அரித்தது' என்பார். அதற்கு மேல் பேச இடமில்லை. பேசினால் சண்டை.

பிரிட்ஜின் குறை வேறு பக்கத்தில் இருக்கிறது. சங்கேதங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, இன்று போட்டியில் அமர விரும்புபவர் பெரியதொரு பாடத்தை மனனம் செய்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. பெயர்களெல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் பெயர்கள், நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். கேட்டால் விளக்கம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் என்ன கேட்பது என்றே தெரியாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்? இலங்கையில் பிரிட்ஜ் பெரும்பாலும் கொழும்புக் கழகங்களின் ஆட்டமாகவே நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சேர்க்கப்பட்டு, ஆண்கள் இரட்டையரில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றார்கள். அப்போது பர்தனுக்கு வயது 60. உடல் தளர்ந்தவரும் நாட்டுக்காகப் பதக்கம் வெல்லக்கூடிய ஓர் ஆட்டத்துக்கு மொழியே வாசற்கதவாக இருப்பது வருத்தமானது.

இரண்டுக்கும் நடுவில் கேரளத்தின் 56 நிற்கிறது. அங்கே எண்ணை முன்னே சொல்வதா இனத்தை முன்னே சொல்வதா என்பதற்கே பொருள் உண்டு. அந்தப் பொருள் ஆட்டத்தின் விதியோடு சேர்ந்தது, மேசையில் உள்ள எல்லோரும் அதை அறிவார்கள். தனி ஜோடிகளின் கண்டுபிடிப்புகளுக்கு அங்கே பெரிய இடமில்லை. சிறிய மொழி, ஆனால் பொது மொழி. கற்க ஒரு மாலை போதும்.

304க்கு வேண்டியதும் இந்த அளவுதான். கவிழ்த்த துரும்பு கவிழ்ந்தே இருக்கட்டும். பிளாக்வுட்டும் ஸ்டேமனும் நமக்குத் தேவையில்லை. ஆனால் ஊருக்கு ஊர், மேசைக்கு மேசை மாறும் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். கூட்டாளி கேட்ட பிறகு அவரைத் தாண்டிக் கேட்க எத்தனை வேண்டும், நால்வரும் விட்டுவிட்டால் என்ன செய்வது, புள்ளியே இல்லாத கை வந்தால் கலைக்கலாமா என்பவை ஆட்டத்தின் நடுவில் சத்தம் போட்டுத் தீர்க்கும் விஷயங்களாக இருக்கக் கூடாது. ஒரு ஜோடி 170ஐ ஏதாவது குறிப்பிட்ட பொருளில் கேட்பதாக இருந்தால், ஆட்டம் தொடங்கும் முன் எதிராளிக்கும் சொல்ல வேண்டும். கேள்வியை வாயால் சொல்லாமல் சிறு அட்டையில் எழுதிக் காட்டுவது இன்னும் நல்லது. பத்து அட்டையும் ஒரு பேனையும் போதும்.

நம் பகுதி விளையாட்டுக் கழகங்கள் கரம், கிரிக்கெட் போட்டிகளுக்கு விதி அச்சிட்டு வழங்குகின்றன. 304 ஆடுபவர்கள் இருக்கும் கழகங்கள் இதையும் செய்ய வேண்டும். காசு வைக்கக் கூடாது என்பது அதன் முதல் வரியாகவும், கேள்வியின் பொருளை எதிராளியிடம் மறைக்கக் கூடாது என்பது இரண்டாவது வரியாகவும் இருக்கட்டும்.