ஹாமர்ஸ்மித்தின் பாட்டு வாத்தியார்

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் என்றதும் மேற்கத்திய இசை கேட்பவர்களுக்கு ‘கோள்கள்’ நினைவுக்கு வரும். செவ்வாயில் தொடங்கி நெப்டியூனில் முடியும் ஏழு பகுதிகள், மேடை கொள்ளாத இசைக்குழு. அந்தப் பிரம்மாண்டத்தை எழுதியவர் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார். லண்டனில் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் 1905-ல் சேர்ந்தவர், 1934-ல் கண் மூடும்வரை அந்த வேலையை விடவில்லை. பிழைப்புக்கு வாத்தியார் வேலை, உயிருக்கு இசையமைப்பு என்று அவர் வாழ்க்கையை இரண்டாகக் கூறுபோட்டுச் சொல்வது எளிது. அவர் இசையைக் காது கொடுத்துக் கேட்டால் அந்தக் கூறுபாடு நிற்காது. வகுப்பறையில் கற்றதைத்தான் அவர் மேடைக்குக் கொண்டுபோனார்.

1874-ல் செல்டன்ஹாமில் பிறந்தார். அப்பா பியானோ சொல்லிக்கொடுப்பவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகனும் பியானோ கலைஞனாக வேண்டும் என்பது ஆசை. வலது கையில் வந்த நரம்பு வலி அதைக் கெடுத்தது. ட்ராம்போனை எடுத்துக்கொண்டார். ஆபரா குழுக்களிலும் கடற்கரை ஊர்களின் கேளிக்கை இசைக்குழுக்களிலும் வாசித்துச் சில ஆண்டுகள் ஓடின. பிறகு ட்ராம்போனை வைத்துவிட்டு டல்விச்சில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போனார், அங்கிருந்து செயின்ட் பால்ஸ். 1907 முதல் உழைக்கும் மக்கள் மாலையில் வந்து படிக்கும் மோர்லி கல்லூரியும் சேர்ந்துகொண்டது. வாரம் முழுக்க வகுப்பு, ஒத்திகை, மறுபடி வகுப்பு. தமக்கென்று எழுத அவருக்குக் கிடைத்தவை ஞாயிற்றுக்கிழமைகளும் ஆகஸ்ட் விடுமுறையும்தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அச்சிட்டு விற்கப்பட்ட பாட்டுகள் அவருக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் என்றால் சப்பென்ற பாட்டுப் போதும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவே இல்லை. பலஸ்த்ரீனா, விக்டோரியா, பர்செல், பாக் என்று பெரியவர்களின் இசையையே மாணவிகள் முன் வைத்தார். ஒரே மெட்டை ஒருவர்பின் ஒருவராக எடுத்துப் பாடும் சுற்றுப்பாட்டுகள் அவருக்கு உயிர். அதில் உள்ள நியாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முதலில் பாடுகிறவளுக்கும் கடைசியில் சேருகிறவளுக்கும் அங்கே ஒரே மெட்டு. பின்பாட்டுக்காரி என்று யாரும் இல்லை. தன் குரலை விடாமல் அடுத்தவள் குரலைக் கேட்டால்தான் பாட்டு நிற்கும். சேர்ந்திசையின் அரிச்சுவடி அவ்வளவுதான். அதை விளக்கிச் சொல்லாமல் பாடவைத்தே புரியவைத்தார்.

பர்செலின் ‘ஃபேரி குவீன்’ நெடுங்காலம் தொலைந்துபோய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திரும்பக் கிடைத்தது. மேடையேற்ற வேண்டுமானால் ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனியே படி வேண்டும். மோர்லி மாணவர்கள் பகல் வேலை முடிந்து வந்து, ஏறக்குறைய 1,500 பக்கங்களைக் கையால் எழுதி முடித்தார்கள். 1911-ல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அந்த இசை மீண்டும் ஒலித்தது. ஒரு பெரிய மேதையின் இசையை இவ்வளவு நெருக்கமாகப் படிக்க இசைக் கல்லூரிகளிலும் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இனி அவர் பள்ளிக்கென்றே எழுதியதற்கு வருவோம். 1913-ல் செயின்ட் பால்ஸில் இசைக்கென்று புதிய கட்டடம் எழுந்தது. அதில் வெளிச் சத்தம் புகாத ஓர் அறை அவருக்கு. அந்த நன்றியில் பிறந்தது, பள்ளியின் தந்தி வாத்தியக் குழுவுக்கான ‘செயின்ட் பால்ஸ் சூட்’. நான்கு பகுதி, எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பள்ளிக் குழுவில் நல்ல வயலின்காரி ஒருத்தி இருப்பாள், நடுத்தரமாகச் சிலர், வில் பிடிக்க இப்போதுதான் பழகியவர்கள் பலர். வழக்கமாக எழுதுகிறவர்கள் முதலாமவளுக்கு மெட்டைக் கொடுத்து, மற்றவர்களை நீண்ட ஸ்வரங்களில் உட்காரவைத்துவிடுவார்கள். இரண்டாம் பகுதியில் ஹோல்ஸ்ட் செய்ததைப் பாருங்கள். இரண்டாம் வயலின்கள் ஒரு சின்ன ஸ்வரக்கோவையை எடுத்துக்கொண்டு, விடாமல் அதையே சுழற்றுகின்றன. அதன்மேல்தான் மெட்டு வந்து அமர்கிறது. கோவை சிறியது, ஒருமுறை கைக்குள் வந்துவிட்டால் தானாக ஓடும். ஆனால் அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். பின்வரிசையில் இருப்பவளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி.

கடைசிப் பகுதிக்காகவே இந்தப் படைப்பை நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ‘டார்கசன்’ என்ற பழைய ஆங்கில ஆட்ட மெட்டு. அதற்கு முடிவே கிடையாது. முடியும் இடத்திலேயே மறுசுற்று தொடங்கும். மெல்லக் கிளம்பி, ஒவ்வொரு குழுவாகச் சேர்ந்து, வேகம் பிடிக்கும்போது செல்லோக்கள் அடியிலிருந்து ‘க்ரீன்ஸ்லீவ்ஸ்’ மெட்டை இழுக்கின்றன. மேலே துள்ளுநடை, கீழே விரிந்த மூன்று அடி நடை. நம் பக்கத்தில் தாளம் ஒன்றாக இருக்க நடை மாறும் அழகை அறிந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். இரண்டு நடைகளும் மோதுவதில்லை, ஒன்றுக்கொன்று இடம் விடுகின்றன. முதலில் இதை ராணுவ பேண்டுக்காக 1911-ல் எழுதியிருந்தார். தந்திகளில் கேட்கும்போதுதான் செல்லோவின் அந்த ஏக்கம் முழுதாக வருகிறது என்பது என் கட்சி.

அதே சத்தம் புகாத அறையில்தான், 1914 தொடங்கி, ‘கோள்கள்’ உருவானது. கை வலியால் பெரிய எழுத்துவேலை அவரால் முடியாது. பள்ளியில் உடன் வேலை பார்த்த வால்லி லாஸ்கர், நோரா டே என்ற இரு ஆசிரியைகள் பியானோவில் வாசித்துக் காட்டினார்கள், அவர் சொல்லச் சொல்ல இசைக்குழுவுக்கான பிரதியை எழுதினார்கள். செவ்வாயின் ஐந்து அடித் தாளத்தை நம் காது எளிதில் பிடித்துக்கொள்ளும். முதல் அடி மூன்றாக உடையும், நான்காவது இரண்டாக, மற்றவை முழு அடிகள். இரண்டாம் வயலின்களின் அந்தச் சின்னக் கோவையை நினைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும். ஒரு சிறு உருவத்தை விடாமல் சுழற்றி அதன்மேல் கட்டடம் எழுப்பும் அதே முறை. இங்கே அது போராகிவிட்டது.

நெப்டியூனில் பள்ளி இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கே வரும் சேர்ந்திசை முழுக்கப் பெண் குரல்கள், சொற்களே இல்லை. பாடுகிறவர்கள் அரங்கில் தெரிய மாட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து பாட வேண்டும், கடைசி ஸ்வரங்கள் ஒலிக்கையில் அந்த அறைக் கதவை ஓசையில்லாமல் மெல்லச் சாத்த வேண்டும் என்று பிரதியிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆண் குரல் இல்லாத வகுப்புகளில் நாள்தோறும் நின்றவர் அவர். அடித்தளக் குரல் இல்லாமல் பாட்டு எப்படி மிதக்கும், எங்கே நடுங்கும் என்பது அவருக்கு அத்துபடி. வேறொருவருக்குக் குறையாகத் தெரிந்திருக்கக்கூடிய அந்த மிதப்பையே அவர் நெப்டியூனின் தொலைவாக்கினார். 1918 செப்டம்பர் 29 அன்று குவீன்ஸ் ஹாலில் ஏட்ரியன் போல்ட் இதை முதன்முறை நடத்தியபோது, பாடியவர்கள் அவருடைய மாணவிகளே.

அவருக்கும் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. ரிக் வேதப் பாடல்களின் மீது மோகம் கொண்டு, சம்ஸ்கிருதம் பழகி, தாமே மொழிபெயர்த்து இசையமைத்தார். மகாபாரதத்துச் சாவித்திரியை மூன்றே பாத்திரங்களும் பன்னிரண்டு வாத்தியங்களும் கொண்ட சிறிய ஆபராவாக்கினார். தொடக்கத்தில் வாத்தியமே கிடையாது. மரணத்தின் குரல் மட்டும் தனியாக வரும். காரடையான் நோன்பு நாளில் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த யமனையும் ஒருமுறை கேட்கலாம். இந்திய ராகங்களை அவர் போலி செய்யவில்லை, அதனால்தான் அது நிற்கிறது. இங்கும் மறைவிலிருந்து பெண் குரல்கள் சொல்லின்றி ஒலிக்கின்றன.

புகழ் வந்தது. 1923-ல் மேடையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. மற்ற வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டார்; செயின்ட் பால்ஸ் மட்டும் மிஞ்சியது. 1933-ல், உடல் நலிந்திருந்த நேரத்தில், பள்ளியின் இளைய தந்திக் குழுவுக்காக ‘புரூக் கிரீன் சூட்’ எழுதினார். ‘செயின்ட் பால்ஸ் சூட்’ வாசிக்க இன்னும் கை பக்குவப்படாத பிள்ளைகளுக்கானது. ‘கோள்கள்’ எழுதிய கை, சின்ன விரல்கள் எட்டும் தூரத்துக்குள் நின்று எழுதியிருக்கிறது. ஆனாலும் அதில் எந்த ஸ்வரமும் குழந்தைக்கென்று நீர்த்துப்போகவில்லை. நடுப்பகுதியின் ‘ஏர்’ மெதுவானது. மெதுவான வில் இழுப்பில்தான் பழகுகிறவர்களின் கை நடுங்கும் என்பதால் மெட்டைக் குறுகிய மூச்சுகளில் அமைத்திருக்கிறார். கடைசி ஆட்டத்தில் சிசிலியில் ஒரு பொம்மலாட்டத்தில் கேட்ட மெட்டைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஆட்டத்தைக் கேட்கும்போது முதல் வயலின்களை விட்டுவிட்டு வியோலா, செல்லோ வரிகளைப் பின்தொடர்ந்து பாருங்கள். யாரையும் அவர் சும்மா உட்காரவைக்கவில்லை.