உரைகல்லும் உலையும்

ஆங்கிலத்தில் ‘மெட்டில்’ காட்டுவது என்றொரு தொடர் உண்டு. எதிர்ப்பு வருமிடத்தில் தன் தன்மையை நிரூபிப்பது என்று பொருள். கண்டியில் எழுத ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர், “இதைத் தமிழில் எப்படிச் சொல்வது, சேர்?” என்று கேட்டார். ‘உரைத்துக் காட்டுவது’ என்றேன். வீடு திரும்பிய பின் அந்தப் பதில் எனக்கே போதாமல் பட்டது.

‘மெட்டில்’ என்பதும் உலோகத்தைக் குறிக்கும் ‘மெட்டல்’ என்பதும் முன்பு ஒரே சொல்தான். ‘அசிட் டெஸ்ட்’ என்பதும் பொன்னை அமிலமிட்டுப் பார்த்த வழக்கத்தில் பிறந்தது. இவற்றுக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: பொன் ஏற்கெனவே பொன்தான், சோதனை அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே.

1885 இல் வெளிவந்த ‘அசன்பே சரித்திரம்’ இந்த எண்ணத்தில் நடக்கும் நாவல். கண்டியின் மைந்தர் சித்திலெப்பையின் அசன், எகிப்தில் உயர்குடியில் பிறந்து, சிறுவயதிலேயே கடத்தப்பட்டு, பம்பாய், கல்கத்தா என அலைகிறான். எத்தனை இடர் வந்தாலும் அவன் மாற்றுக் குறைவதில்லை. கூடுவதுமில்லை! வாசிக்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் அசனுக்காக நான் ஒருபோதும் பயந்ததில்லை. முன்னோடி நாவல் என்ற மரியாதையில் நமது விமர்சகர்கள் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள்.

‘பித்னா’ என்ற அறபுச் சொல்லை நாம் கலகம், குழப்பம் என்றே பேசுகிறோம். அதன் மூலப் பொருளோ, பொன்னை நெருப்பிலிட்டு உருக்கிக் கசடு நீக்கிப் பார்ப்பது. உரைகல்லில் கோடு விழும், பொன் மாறாது. உலையிலோ பொன் உருகுகிறது. அத்தோடு, செல்வமும் மக்களுமே பித்னா என்கிறது குர்ஆன். பகைவரும் கள்வரும் மட்டுமல்ல, வாழ்வும் வசதியும் சோதனைதான். அசனைப் பதவி சோதிக்கக்கூடும் என்று நாவல் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வியப்பு என்னவென்றால், எழுதியவர் உலையை அறிந்தவர். பிரக்கிராசித் தொழிலில் வசதியாக இருந்திருக்கலாம். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்றார். சொந்தச் சமூகத்திலேயே எதிர்ப்பைச் சம்பாதித்தார். பகைவனிடம் வீரம் காட்டுவதைவிட, ஸலாம் சொல்லும் அயலவரின் முகச் சுளிப்பைத் தாங்குவது கடினம். அந்த அனுபவத்தில் ஒரு துளியாவது அசனுக்குக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

தம்பியிடம் மறுபடி போனேன். ‘உரைத்து’ என்பதை வெட்டிவிட்டு ‘உருகி’ என்று எழுதச் சொன்னேன். “அப்ப கருத்து மாறுமே, சேர்” என்றார். மாறட்டும் என்றேன்.