உடையவரும் உரியவரும்

உடைமை, உரிமை என்னும் சொற்கள் இரண்டும் ஒலியால் நெருங்கியவை, பொருளால் வேறுபட்டவை. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அதனை உடையவர் ஆகிறார். அப்பொருளோடு பிறப்பாலும் உழைப்பாலும் நெடுநாள் பற்றாலும் பிணைந்தவர் அதற்கு உரியவர் ஆகிறார். வீடு, நிலம், வண்டி முதலியவற்றில் இவ்விருவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பர். ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் காற்பந்துக் கழகத்திலோ இருவரும் வெவ்வேறாகி விடுகின்றனர். கழகத்தின் பங்குகள் ஒருவர் கையில் இருக்கும்; அதன் மேல் கொண்ட பற்று பல்லாயிரவர் நெஞ்சில் இருக்கும். கையும் நெஞ்சும் முரண்படும்போது கழகத்தின் எதிர்காலம் என்னவாகும் என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா.

இவ்வினா மேலை நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியக் கழகங்களை விலைக்கு வாங்கிய செல்வர்களுள் தென்கிழக்காசியாவைச் சேர்ந்தோரும் உளர். மலேசியச் செல்வர் வின்சென்ட் டான் வேல்சு நாட்டுக் கார்டிஃப் சிட்டியையும், தாய்லாந்தின் விச்சாய் சிறீவத்தனபிரபா இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியையும், சிங்கப்பூரின் பீட்டர் லிம் எசுப்பானியாவின் வாலென்சியாவையும் தம்வயப்படுத்தினர். இம்மூன்றையும் அருகருகே வைத்து நோக்கினால் உடைமையின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே புலப்படும்.

முதற்கண் கார்டிஃப். 1899 இல் தோன்றிய இக்கழகம், 1927 இல் ஆர்சனலை ஒன்றுக்குச் சுழியம் என வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றியது. இங்கிலாந்துக்கு வெளியே அக்கிண்ணத்தைக் கொண்டு சென்ற கழகம் அஃதொன்றே. நீலச் சட்டையே அதன் அடையாளம். நீலப் பறவைகள் என்பதே அதன் செல்லப்பெயர். 2010 இல் வரிக் கடனால் தள்ளாடி, நீதிமன்றத்தின் வாயிலில் நின்றிருந்த அக்கழகத்துக்கு மலேசிய முதலீடே கைகொடுத்தது. இதனை மறைத்துவிட்டு எழுதும் திறனாய்வு நேர்மையுடையதாகாது.

எனினும் 2012 இல் நிகழ்ந்தது யாது? நீலம் நீக்கப்பட்டுச் சிவப்பு வந்தது. சின்னத்தில் பறவை சிறுத்து, நாகம் போன்ற டிராகன் பெருத்தது. ஆசியச் சந்தையில் கழகத்தின் பெயரைப் பரப்புதல் நோக்கமென்று கூறப்பட்டது. சிவப்பு மங்கலமானது என்னும் நம்பிக்கையும் உடனிருந்தது. சுவைஞர்களின் எதிர்ப்பைக் கண்டு முதலில் கைவிடப்பட்ட அத்திட்டம், சில வாரங்களிலேயே மீண்டும் உயிர்பெற்று நடைமுறைக்கும் வந்தது.

சிவப்பும் டிராகனும் வேல்சு மக்களுக்கு அயலானவை அல்ல என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. அவர்தம் நாட்டுக் கொடியிலேயே செந்நிற டிராகன் வீற்றிருக்கிறது. அவ்வாறிருந்தும் மனம் புண்பட்டதேன்? மாற்றம் அவர்களிடமிருந்து எழவில்லை. அவர்கள் மேல் வைக்கப்பட்டது. நன்மையே ஆயினும் கேளாமற் செய்யும் நன்மையில் சிறுமைப்படுத்தல் ஒன்று உள்ளது.

2013 இல் கழகம் இரண்டாம் நிலை லீக்கை வென்று, 1962 க்குப் பின் முதன்முறையாக உயர்நிலை லீக்கை எட்டியது. சிவப்பின் வெற்றி என்று சிலர் கொண்டாடினர். அடுத்த பருவத்தின் நடுவிலேயே, 2013 திசம்பரில், அவ்வெற்றியைத் தேடித் தந்த பயிற்றுநர் மால்க்கி மெக்கே நீக்கப்பட்டார். 2014 இல் அதே சிவப்புச் சட்டையோடு கழகம் கடைசி இடத்தில் முடிந்து கீழிறங்கியது. ஏற்றத்துக்கு நிறம் காரணமென்றால் இறக்கத்துக்கும் அதுவே காரணமாதல் வேண்டும். உண்மையில் ஏற்றியது ஆட்டக்காரர்களின் திறமும் அதற்கு வழங்கப்பட்ட பொருளும். இறக்கியது நிலையற்ற நிருவாகம். அரங்கில் இருக்கைகள் வெறிச்சோடின. 2015 சனவரியில் நீலம் திரும்பியது. தம் முடிவை மாற்றிக்கொண்டது டான் அவர்களுக்குப் பெருமையே; ஆயினும் முன்பே கேட்டிருந்தால் மூன்றாண்டு மனக்கசப்பு நேர்ந்திராது. 2018 இல் மீண்டும் உயர்ந்த கழகம் அடுத்த ஆண்டே இறங்கி, 2025 இல் மூன்றாம் நிலைக்கே தாழ்ந்தது. நீலமும் தனியே நின்று காக்கவில்லை என்பதனையும் நடுநிலையாளர் ஒப்புதல் வேண்டும்.

இனி லெஸ்டர். இதுவும் 2010 இல் கைமாறிய கழகம். இதன் நிறமும் நீலமே. விச்சாய் அந்நிறத்தைத் தொடவில்லை. தாய்லாந்திலிருந்து பௌத்தத் துறவியரை வரவழைத்து அரங்குக்கு ஆசி வழங்கச் செய்தார். ஆக, தம் நம்பிக்கையை அவரும் கழகத்துள் கொணர்ந்தார். ஆனால் ஊராரின் நம்பிக்கையை வெளியேற்றவில்லை. அரங்குக்குத் தம் நிறுவனத்தின் பெயரைச் சூட்டியபோதும் பெரிய எதிர்ப்பு எழாததற்குக் காரணம் உண்டு: முன்னிருந்த பெயரும் ஓர் உருளைக்கிழங்கு வறுவல் நிறுவனத்தின் பெயரே. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் பகுத்தறிவு அவரிடம் இருந்தது.

2013 இல் கழகம் தமக்குத் தரவேண்டிய பத்துக் கோடிப் பவுண்டுக்கும் மேற்பட்ட கடனைப் பங்காக மாற்றி, அதன் சுமையை இறக்கினார். 2014 இல் உயர்நிலை லீக்கை அடைந்த லெஸ்டர், 2016 இல் அந்த லீக்கையே வென்றது. பந்தயக்காரர்கள் அவ்வெற்றிக்கு ஐயாயிரத்துக்கு ஒன்று என்றே வாய்ப்பு அளித்திருந்தனர். 2018 அக்டோபரில் அரங்கின் அருகே நேர்ந்த எலிகாப்டர் விபத்தில் விச்சாய் உயிர்நீத்தபோது, ஊர் மக்கள் அரங்கின் வாயிலை மலர்களால் நிறைத்தனர். விலைக்கு வாங்கிய ஒருவர் உரியவராகவும் ஆக முடியும் என்பதற்கு அம்மலர்களே சான்று.

ஆயினும் நல்ல உடைமையாளர் வாய்த்தாலே போதும் என முடிவுகட்டுதல் அவசரமாகும். மைந்தர் ஐயவத் பொறுப்பேற்ற பின் 2021 இல் எஃப்.ஏ. கிண்ணம் முதன்முறையாகக் கிட்டியது. எனினும் கோவிட் பெருந்தொற்று வானூர்திப் பயணங்களை முடக்கியபோது, வரியில்லாப் பொருள் விற்பனையை நம்பிய அக்குடும்பத்தின் கிங் பவர் நிறுவனம் தளர்ந்தது. வருவாய்க்கு மிஞ்சிய சம்பளச் சுமையும் கழகத்தை அழுத்தியது. 2023 இல் லெஸ்டர் கீழிறங்கிற்று. 2024 இல் ஏறி, 2025 இல் மீண்டும் இறங்கிற்று. ஒரு கிளையில் மட்டும் கூடு கட்டிய பறவைக்கு அக்கிளை அசைந்தால் கூடும் அசையும்.

மூன்றாவது வாலென்சியா. 1919 இல் தோன்றிய இக்கழகம் நெடுங்காலம் உறுப்பினர்களின் சங்கமாகவே இயங்கியது. 1990 இன் எசுப்பானிய விளையாட்டுச் சட்டம் பெரும்பாலான கழகங்களைப் பங்கு நிறுவனங்களாக மாறச் செய்தது. அன்று திறந்த கதவின் வழியேதான் 2014 இல் பீட்டர் லிம் நுழைந்தார். கடனில் மூழ்கிய கழகத்தைக் கரையேற்ற வந்தவரென ஊரார் அவரை வரவேற்றனர். 2019 மே மாதத்தில் பார்சிலோனாவை வென்று கழகம் அரசர் கிண்ணத்தை ஏந்தியது. நான்கு மாதங்கள் கழியுமுன், கிண்ணம் வென்று தந்த பயிற்றுநர் மார்செலினோ நீக்கப்பட்டார். 2020 முதல் 2025 வரையிலான ஐந்து பருவங்களில் ஐரோப்பியப் போட்டி எதிலும் வாலென்சியா ஆடவில்லை. லிம் வருமுன்னரே, 2009 இல், பாதியில் நின்றுபோன புதிய அரங்கின் பணி 2025 சனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. வரவேற்ற அதே மக்கள் வீதியில் திரண்டு வெளியேறுமாறு முழங்கினர். கார்டிஃபில் புண்பட்டது அடையாளம், வாலென்சியாவிலோ நம்பிக்கை.

அங்ஙனமாயின் உறுப்பினர் கையிலேயே கழகம் இருத்தல் நன்று எனலாமா? பார்சிலோனா இன்றும் உறுப்பினர்களின் கழகமே. அவர்கள் வாக்களித்துத் தேர்ந்த தலைமையின் கீழ்தான் அதன் கடன் மலையென வளர்ந்தது. 2021 இல் மெஸ்ஸியைத் தக்கவைக்கவும் இயலாது போயிற்று. பலர் கூடிச் செய்யும் தவறும் தவறே. இடைவழி ஒன்றைச் செருமனி கண்டது. அங்கு 1998 முதல் முதலீட்டாளர் பொருள் இடலாம். ஆனால் வாக்குரிமையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி, சில விலக்குகள் நீங்கலாக, உறுப்பினர் சங்கத்திடமே இருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தும் காலந்தாழ்ந்தேனும் விழித்துக்கொண்டது. 2025 சூலையில் நிறைவேறிய காற்பந்து ஆளுமைச் சட்டம், சொந்த அரங்கில் அணியும் சட்டையின் நிறத்தையும் சின்னத்தையும் பெரிதும் மாற்ற விரும்பும் கழகம், சுவைஞர் பெரும்பான்மையின் இசைவைப் பெறுதல் வேண்டும் என விதித்தது. உரியவர்க்கும் ஒரு சொல் உண்டு என்பதைச் சட்டமே எழுத்தில் ஏற்றுக்கொண்டது. கார்டிஃபின் நீலம் வீணே கலங்கவில்லை.

இவற்றால் பெறப்படும் முடிபு யாது? உடைமையாளரை அளக்க மூன்று கேள்விகள் போதும். தாம் வாங்கியதில் எது விற்பனைக்கு உரியதன்று என்பதை அவர் அறிவாரா? அவர் இடும் பணம் கழகத்தின் தோளில் கடனாய் ஏறுகிறதா, தூணாய் நின்று தாங்குகிறதா? அவர் நீங்கிய மறுநாள் கழகம் தன் காலில் நிற்குமா? முதல் வினாவில் கார்டிஃப் இடறியது. இரண்டில் லெஸ்டர் தேறி, மூன்றாவதில் தடுமாறியது. வாலென்சியாவோ மூன்றாம் வினாவை எண்ணாமலே உறுப்பினர் கையிலிருந்து செல்வர் கைக்குச் சென்றது.

கோயிலுக்குத் திருப்பணி செய்தவர் கோபுரம் எழுப்பலாம்; குடமுழுக்கு நடத்தலாம்; கல்வெட்டில் பெயரும் பொறிக்கலாம். கருவறைத் தெய்வத்தை மாற்ற எவரும் எண்ணார். அறங்காவலர் என்னும் அழகிய சொல் தமிழில் இருப்பதே, பொருளுடைமைக்கு மேலானதொரு பொறுப்பு உண்டு என உணர்த்துதற்கன்றோ? கழகமாயினும், சங்கமாயினும், பள்ளி வாரியமாயினும் இவ்வளவுகோல் பொருந்தும். தொலைவிலுள்ள கழகமொன்றின் சட்டையை விரும்பி அணியும் மாணவர், அதன் ஆட்டக்காரர் பெயர்களோடு அதனை ஆள்வோர் யார், அவர்களைத் தட்டிக்கேட்பார் யார் என்பதனையும் அறிதல் வேண்டும். வகுப்பறைச் சொற்போருக்கு இதனினும் சுவையான தலைப்பை ஆசிரியர் எளிதிற் காண்டல் அரிது.